மய்யித்தும் மர்ஹூமும்: இறந்தாரைக் குறிக்கும் இரண்டு அரபுப் பெயரடைகள்

ஒரு மொழி பிறமொழியிலிருந்து சொற்களைக் கடன்பெறும்போது பெரும்பாலும் பெயர்ச்சொற்களையே பெறுகிறது. வினைச்சொற்களும் பெயரடைகளும் அவ்வளவு எளிதாக எல்லை கடப்பதில்லை. கடந்து வருபவையும் தம் பழைய இலக்கண வகையோடு வருவதில்லை. கொள்ளும் மொழி தனக்குப் பழக்கமான வகையில் அவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. தமிழ் முஸ்லிம்களின் வழக்கில் நெடுங்காலமாக ஆளப்பட்டுவரும் 'மய்யித்து', 'மர்ஹூம்' என்னும் இரண்டு சொற்களை இவ்வகையில் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. அரபில் இவ்விரண்டும் பெயரடைகள். இரண்டும் இறந்த மனிதரைச் சுட்டுவன. தமிழில் இவற்றுள் ஒன்று உடலுக்கும் மற்றொன்று பெயருக்கும் உரியதாகிவிட்டது. இப்பிரிவு எவ்வாறு நேர்ந்தது என்பதே இங்கு எழும் வினா.

இவ்வினா நூலகத்தில் தோன்றியதன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஆலுவாவில் தங்கியிருந்தபோது, தமிழகத்திலிருந்து வணிகத்தின் பொருட்டு அங்குக் குடியேறிய இராவுத்தர் குடும்பம் ஒன்றில் முதியவர் ஒருவர் காலமானார். உறவினர்க்கு அனுப்புவதற்கும் கடைவாயிலில் ஒட்டுவதற்குமான அறிவிப்பைத் தமிழில் எழுதித் திருத்தும் பணி, தமிழ் கற்றவர் என்ற முறையில் இக்கட்டுரையாளரிடம் வந்தது. மூத்த மகன் எழுதியிருந்த முதல் வரைவில் "மய்யித்து நாளை காலை எடுக்கப்படும்" என்றிருந்தது. அதை உரக்கப் படித்தபோது உள்ளேயிருந்து அவருடைய தாயார், "அத்தாவையா மய்யித்துன்னு எழுதறே?" என்று கேட்டார். மகனிடம் மறுமொழி இல்லை. அவ்வம்மையார் சொல்லின் பொருளை மறுக்கவில்லை. அன்று காலை முதல் அவ்வீட்டில் அச்சொல் பலமுறை பேசப்பட்டிருந்தது, அவரும் பேசியிருந்தார். தம் கணவரின் பெயருக்குப் பக்கத்தில் எழுத்தில் அது நிற்பதையே அவர் ஏற்கவில்லை. மொழியியலார் கவனிக்கத்தக்க வேறுபாடு இது.

ஆலுவா இத்தகைய வினா எழுவதற்கு ஏற்ற ஊரே. பெரியாற்று மணற்பரப்பில் சிவராத்திரி நாளில் முன்னோர்க்குப் பலியிடப் பெருந்திரளான மக்கள் கூடும் இடம் அது. அங்கிருந்து தென்மேற்கே மட்டாஞ்சேரி சென்றால், மலையாளம் பேசும் மாப்பிளைமார், தமிழ்க் கடற்கரையிலிருந்து வந்தவர்களாகத் தம் மரபைக் கூறும் நைனாமார், கச்சி பேசும் மேமன்கள், தக்கினி பேசுவோர் ஆகியோர் சில தெருக்களின் இடைவெளியில் வாழ்கின்றனர். 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத தேவாலயமும் அங்கேயே உள்ளது. யூதருள் மிகப் பெரும்பாலோர் 1950களிலும் அதன் பின்னரும் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர், கல்லறைகள் எஞ்சியுள்ளன. ஒரே செமித்திய வேரிலிருந்து பிறந்த சொற்கள் இரு வேறு சமயத்தாரின் வாயில் வழங்கிய ஊர் என்னும் வகையில் மட்டாஞ்சேரிக்கு இவ்வாய்வில் தனி இடம் உண்டு.

அரபில் மய்யித்

'மய்யித்' என்பது மீம், வாவ், தா என்னும் மூன்று மெய்களாலான வேரிலிருந்து பிறப்பது. 'மாத்த' (இறந்தான்) என்னும் வினையும் 'மவ்த்' (இறப்பு) என்னும் தொழிற்பெயரும் இவ்வேரின. எபிரேயத்தில் 'மேத்', அக்காதிய மொழியில் 'மீத்து', சிரியாக்கில் 'மீத்' என இப்பெயரடையின் இனச்சொற்கள் காணப்படுகின்றன. உகரித்து நகரின் களிமண் ஏடுகளில் இறப்பின் தெய்வத்திற்கே இவ்வேர்ச்சொல் பெயராக உள்ளது. எனவே செமித்தியக் குடும்பத்தின் மிகப் பழைய சொற்களுள் இது ஒன்று எனலாம். சதுரங்க ஆட்டத்தின் 'ஷாஹ் மாத்' என்பதையும் பலர் இவ்வேரோடு சேர்ப்பர். பாரசீக மொழியில் 'தங்கிவிடுதல், திகைத்து நிற்றல்' என்னும் பொருளுடைய வினையோடு அதனை இணைக்கும் கருத்தும் உண்டு. அரசன் வெட்டப்படாமலே ஆட்டம் முடிகிறது என்பதை நோக்கப் பின்னதே பொருந்துவதாகத் தோன்றுகிறது.

வேரின் நடுமெய் வாவாக இருக்க, பெயரடையில் இரட்டித்த யகரம் எங்கிருந்து வந்தது? இடைக்கால அரபு இலக்கணிகளை இரு முகாம்களாகப் பிரித்த வினாக்களுள் இதுவும் ஒன்று. பஸ்ரா நகரத்தார், இச்சொல் 'ஃபைஇல்' என்னும் வாய்பாட்டில் 'மைவித்' எனத் தோன்றி, யகரத்தை அடுத்த வகரம் யகரமாகத் திரிந்து ஒன்றியது என்றனர். கூஃபா நகரத்தார், மூல வாய்பாடு 'ஃபஈல்' என்றும், 'மவீத்' என்றிருந்த சொல்லில் எழுத்துகள் இடம் மாறிப் பின்னர் ஒன்றின என்றும் கூறினர். நலிவில்லா வேர்களில் 'ஃபைஇல்' என்னும் வாய்பாடே காணப்படாதபோது இங்கு மட்டும் அதனைக் கொள்வது எப்படி என்பது கூஃபாவாரின் தடை. நலிந்த வேர்களுக்கு அவற்றுக்கே உரிய தனி வாய்பாடுகள் உண்டு. கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை விட்டுக் காணாத வடிவத்தைக் கற்பிக்க வேண்டுவதில்லை என்பது பஸ்ராவாரின் விடை. 1181இல் மறைந்த இப்னுல் அன்பாரி, இரு தரப்பாரின் மாறுபாடுகளைத் தொகுத்த தம் நூலில் 'ஸய்யித்' (தலைவர்) முதலிய சொற்களோடு சேர்த்து இவ்வழக்கையும் விரிவாகப் பதிவு செய்துள்ளார். நம்மிடையே 'செய்யது', 'சையது' என வழங்கும் பெயரும் 'மய்யித்து' என்னும் சொல்லும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

இச்சொல்லின் பன்மைகளுள் ஒன்று 'மவ்தா'. நோயாளர், காயமுற்றோர், கொல்லப்பட்டோர், சிறைப்பட்டோர் ஆகியோரைக் குறிக்கும் அரபுச் சொற்களும் இதே பன்மை வாய்பாட்டைக் கொள்கின்றன. எட்டாம் நூற்றாண்டினரான சீபவைஹி தம் ஆசிரியர் கலீலின் விளக்கத்தை இவ்விடத்தில் தருகிறார். மக்கள் தாம் விரும்பாமலே ஆட்பட்டுத் துன்புறும் நிலைகள் என்னும் பொருள் ஒற்றுமையே இச்சொற்களை ஒரே பன்மையின்கீழ்க் கொணர்ந்தது என்பது அவ்விளக்கத்தின் சாரம். சொல்லின் வடிவத்தை ஒலி மட்டுமன்றிப் பொருளும் ஆள்கிறது என்று பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்ட இக்கருத்து, மொழியியல் மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது.

'மய்யித்' என்பதற்கு 'மய்த்' எனக் குறுகிய வடிவமும் உண்டு. இனி இறக்கப்போகிறவர் மய்யித், முன்னரே இறந்தவர் மய்த் என்று சிலர் வேறுபடுத்தினர். இவ்வேறுபாட்டிற்கு ஓரளவு இடம் தருவது குர்ஆன் 39:30. அங்கு உயிருடனிருக்கும் நபியையும் அவர்தம் எதிரிகளையும் நோக்கியே மய்யித் என்னும் சொல் ஆளப்படுகிறது. 'இறப்புக்குரியவர்' என்பதே அங்குப் பொருள். ஆயின் ஒரே அடியில் இருவடிவங்களையும் ஒரே பொருளில் ஆண்ட பழைய கவிதையொன்றைச் சான்று காட்டி, இரண்டும் ஒன்றே என்போரும் உளர். குர்ஆன் ஓதுமுறைகளிலும் ஒரே இடத்தில் ஒரு மரபினர் இரட்டித்தும் மற்றொரு மரபினர் இரட்டிக்காமலும் ஓதுவதால், வேறுபாடு பொருளைச் சார்ந்ததன்று, ஒலிப்பெளிமையைச் சார்ந்தது எனக் கொள்வதே பொருந்தும்.

பால் இயைபிலும் இச்சொல் முழு ஒழுங்குடையதன்று. அரபுப் பெயரடை தான் தழுவும் பெயரின் பாலை ஏற்க வேண்டும். 36:33இல் 'நிலம்' என்னும் பெண்பாற் பெயருடன் பெண்பால் ஈறு பெற்ற வடிவமே வருகிறது. ஆயின் 25:49, 43:11, 50:11 ஆகிய இடங்களில் 'ஊர், நாடு' எனப் பொருள்படும் பெண்பாற் பெயருடன் ஈறில்லாத 'மய்த்' வருகிறது. அப்பெயர் 'இடம்' என்னும் ஆண்பாற் கருத்தில் நின்றது என்றும், மய்த் தொழிற்பெயர்த் தன்மை உடையதாகலின் பால் காட்டவில்லை என்றும் உரைகாரர் அமைதி கூறுவர். பெண்பால் வடிவமான 'மய்த்தா' தனித்துப் பெயராகி, அறுக்கப்படாமல் தானே இறந்த விலங்கின் ஊனைக் குறிக்கும் சட்டச் சொல்லாயிற்று. அரபிலேயே இப்பெயரடை பெயராக மாறத் தொடங்கிவிட்டது என்பது இவண் நினைவிற் கொள்ளத்தக்கது.

தமிழில் மய்யித்து

தமிழக, கேரளக் கடற்கரைகளுக்கு இச்சொல் வந்த வழிகளுள் முதன்மையானது மார்க்கச் சட்ட நூல்களின் பாடம் எனக் கருதலாம். பதினாறாம் நூற்றாண்டில் பொன்னானியில் வாழ்ந்த இளைய செய்னுத்தீன் மக்தூம் இயற்றிய 'ஃபத்ஹுல் முஈன்' என்னும் ஷாஃபிஈ நூல், கேரளத்திலும் தமிழ்க் கடற்கரையிலும் தென்கிழக்காசியாவிலும் தலைமுறை தலைமுறையாகப் பாடம் சொல்லப்பட்டு வருவது. இத்தகைய நூல்கள் எவற்றிலும் இறந்தாரைக் குளிப்பாட்டுதல், கபனிடுதல், தொழுவித்தல், அடக்குதல் என்னும் கடமைகள் ஒரு தனி இயலாக அமையும். அவ்வியலில் மய்யித் என்பது தழுவும் பெயரின்றித் தனித்தே வரும். 'மய்யித்தைக் குளிப்பாட்டுதல்' என்பதே அங்குள்ள தொடர். பெயரடையை அதன் பெயரோடு சேர்த்துக் கேட்கும் வாய்ப்புத் தமிழருக்குக் குறைவு. கேட்டது பெயராகவே கேட்டது.

ஒலிமாற்றம் எளிது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாதாகலின் 'மய்யித்' என்பது தகரம் இரட்டித்து உகரம் பெற்று 'மய்யித்து' ஆயிற்று. 'மவ்த்' என்பது அவ்வாறே 'மவுத்து', 'மௌத்து' ஆயிற்று. மலையாளத்திலும் இதுவே நிகழ்ந்தது. அரபுத்தமிழ் எனப்படும் அரபு எழுத்து மரபில் எழுதியபோது மூலச்சொல்லின் எழுத்துகள் அப்படியே காக்கப்பட்டன. தமிழெழுத்தில் எழுதப் புகுந்தபோதே செவி கேட்டபடி 'மய்யித்து', 'மையித்து', 'மய்யத்து', 'மையத்து' எனப் பல வடிவங்கள் தோன்றின.

இவற்றுள் இகரம் அகரமான 'மையத்து' என்னும் வடிவம் தனி ஆய்வுக்குரியது. உருதுவில் இச்சொல் 'மய்யத்' என ஒலிப்பதால் தமிழ் வடிவமும் உருது வழியே வந்தது என எளிதாகக் கூறிவிடலாம். ஆயின் உருதுவோடு நெருங்கிய உறவில்லாத மாப்பிளைமாரிடமும் 'மய்யத்து' உண்டு. மலாய் மொழியில் பிணத்தைக் குறிக்கும் சொல்லும் 'மாயாத்' என்பதே. எனவே உருதுவை மட்டும் காரணமாகக் கொள்ள இயலாது. முதலசையின் அகரத்தை அடுத்த அசையும் ஏற்றது என்று கொள்வதே இக்கட்டுரையாளருக்கு உடன்பாடு.

அகரம் வந்ததும் சொல்லின் ஈறு 'அத்து' ஆகிவிடுகிறது. தமிழில் 'அத்து' என்பது மகர ஈற்றுப் பெயர்கள் வேற்றுமை ஏற்கும்போது வரும் சாரியை என்பதை அனைவரும் அறிவர். மரம் என்பது மரத்தை, மரத்துக்கு, மரத்தில் என வரும். 'மையத்து' என்பது குற்றியலுகர ஈற்றுப் பெயராக நின்று உருபேற்றாலும் மையத்தை, மையத்துக்கு, மையத்தில் என்றே வரும். 'மையம்' என்னும் மகர ஈற்றுப் பெயர் ஒன்று இருந்து அது உருபேற்றாலும் அதே வடிவங்களே கிடைக்கும். எழுவாய் வேற்றுமை ஒன்றைத் தவிர மற்றெல்லா இடங்களிலும் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. இறந்தவர் உடலைப் பற்றிய பேச்சோ பெரும்பாலும் இரண்டாம் வேற்றுமையிலேயே நிகழ்வது: மையத்தைக் குளிப்பாட்டுவர், மையத்தைத் தூக்குவர், மையத்தை அடக்குவர். உடல் செய்வதற்கு யாதுமில்லை. அதற்குச் செய்யப்படுவனவே எல்லாம்.

இம்மயக்கத்தின் விளைவே 'மையவாடி' என்னும் சொல் எனக் கருத இடமுண்டு. தமிழகத்திலும் இலங்கையிலும் முஸ்லிம்களின் அடக்கத்தலத்தைக் குறிக்கப் பரவலாக வழங்கும் சொல் இது. 'வாடி' என்பது மரவாடி, மீன்வாடி என்பவற்றில் உள்ளதுபோல் வளைத்து அடைத்த இடம். 'மையத்து' என்பதனோடு வாடி சேர்ந்தால் 'மையத்துவாடி' என்றே இருத்தல் வேண்டும். விரைந்து பேசும்போது 'த்து' தேய்ந்திருக்கலாம் எனின், சொத்துவரி, முத்துவடம் முதலிய தொடர்களில் வகரத்தின் முன் 'த்து' தேயவில்லை என்பது தடையாகிறது. மரம் மரத்தை என நின்று மரவாடி ஆவதுபோல, மையத்தை என்பதிலிருந்து பேசுவோர் தம்மை அறியாமலே 'மையம்' என்றோர் அடியை உய்த்துணர்ந்து மையவாடி என்றனர் என்பதே பொருத்தமான விளக்கம். காவிரிக் கழிமுக ஊர்கள் சிலவற்றில் வழங்கும் 'மையத்தாங்கொல்லை' என்னும் சொல்லோ பழைய ஈற்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. எழுவாயாக 'மையம்' நிலைபெறாமைக்குக் காரணம், நடு என்னும் பொருளில் அச்சொல் தமிழில் ஏற்கெனவே இருப்பதும், ஓதக் கற்றோர் அரபு வடிவத்தை அவ்வப்போது மீட்டுத் தந்ததுமே ஆகும்.

உருதுவும் இதே ஈற்றில் தடுக்கி விழுந்தது என்பது சுவையான செய்தி. அங்கு 'அத்' என முடியும் அரபுச் சொற்களுள் மிகப்பல பெண்பாலாதலின், அரபில் ஆண்பாலான இச்சொல்லும் பெண்பாலாகிவிட்டது. மட்டாஞ்சேரியின் ஒரே தெருவில், ஒரே அடக்கத்திற்கு வந்தோருள் தக்கினி பேசுவோர் அதைப் பெண்பாலாகவும் தமிழர் அஃறிணையாகவும் கூறுவதைக் கேட்கலாம்.

திணை

அஃறிணை என்பதே ஆலுவா வீட்டில் எழுந்த தடையின் அடிப்படை. அரபில் மய்யித் என்பது மனிதரைத் தழுவும் அடை. 'இறந்த ஒருவர்' என்பதே பொருள். தமிழில் 'மய்யித்து கிடக்கிறது', 'மய்யித்து வந்துவிட்டது' என அது ஒன்றன்பால் முடிபு கொள்கிறது. உயிர், உடம்பு முதலிய சொற்கள் உயர்திணையாரைச் சார்ந்து நின்றாலும் அஃறிணை முடிபே பெறும் என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் விதித்துள்ளார். மய்யித்து அவ்வரிசையில் 'உடம்பு' என்பதன் அருகே போய் நின்றது. காலையில் 'அவர்' ஆக இருந்தவர் நண்பகலில் 'அது' ஆகிறார். பேச்சில் இதனைத் தாங்கிக்கொள்ளும் மனைவி, பெயர் எழுதப்பட்ட தாளில் தாங்கிக்கொள்ளவில்லை. இவ்விடர்ப்பாட்டைத் தவிர்க்கவே அச்சிட்ட அறிவிப்புகளில் 'ஜனாஸா' என்னும் சொல் பெரிதும் ஆளப்படுகிறது. அரபு அகராதியாளர் இச்சொல்லின் முதலெழுத்து அகரமாயின் உடல் என்றும் இகரமாயின் பாடை என்றும் வேறுபடுத்துவர். தமிழில் அது உடலையும் ஊர்வலத்தையும் ஒருங்கே தழுவி நிற்பதால் மென்மை பெறுகிறது.

வினையாக்கத்தில் வேறொரு புதுமை உள்ளது. 'மௌத்தானார்' என்பது தமிழ் முஸ்லிம்களின் வழக்கு. மௌத்து என்பது இறப்பு என்னும் தொழிற்பெயர். சொல்லுக்குச் சொல் நோக்கின் 'இறப்பு ஆனார்' என்றாகும். இறந்தவர் எனப் பொருள்படும் பெயரடை கையிலிருந்தும் அதனை விடுத்துத் தொழிற்பெயரோடு 'ஆகு' சேர்த்தமைக்குக் காரணம், அப்பெயரடை உடலைக் குறிக்கப் போய்விட்டமையே. பெரியோர்க்கு 'வபாத்தானார்கள்' என்றும், அறப்போரில் உயிர் நீத்தார்க்கு 'ஷஹீதானார்கள்' என்றும் இதே அமைப்பில் மதிப்புப் படிநிலைகள் உண்டு. இவற்றோடு ஒப்பிடத்தக்கது கொச்சி யூதரின் மலையாளத்தில் இறந்தார் என்னும் பொருளில் வழங்கிய 'ஷாலோம் ஆயி' என்னும் தொடர். ஷாலோம் என்பது எபிரேயத்தில் அமைதி. 'அமைதி ஆனார்' என்பது நேர்ப்பொருள். எபிரேயப் பெயரும் அரபுப் பெயரும் ஒரே திராவிட வினையின் தோளில் ஏறிக்கொண்டுள்ளன. யூதர் தம் மொழியின் 'மேத்' என்னும் பெயரடையை இவ்விடத்தில் வைக்காமல் அமைதியை வைத்தது அவர்தம் நாகரிகம். கல்லறைத் தோட்டத்தை எபிரேயத்தில் 'உயிருள்ளோர் இல்லம்' எனக் கூறும் வழக்கும் அத்தகையதே. ஆலுவாவுக்குச் சேய்மையில்லாத சேந்தமங்கலத்தில் உள்ள, 1269ஆம் ஆண்டின் சாரா என்னும் பெண்மணிக்குரிய எபிரேயக் கல்லறைக்கல், இம்மொழி மரபு இந்நிலத்தில் எவ்வளவு பழையது என்பதற்குச் சான்று.

மர்ஹூம்

இனி மற்றச் சொல். 'மர்ஹூம்' என்பது இரக்கம் காட்டினான் எனப் பொருள்படும் வினையிலிருந்து 'மஃப்ஊல்' வாய்பாட்டில் அமைந்த செயப்பாட்டு வினைப்பெயரடை. 'இரக்கம் காட்டப்பட்டவர்' என்பது நேர்ப்பொருள். ரஹ்மான், ரஹீம், ரஹ்மத் என்பன இவ்வேரின. கருப்பையைக் குறிக்கும் 'ரஹிம்' என்பதும் இதே மெய்களை உடையது. மய்யித் என்பதில் இறப்பு மட்டுமே உண்டு. மர்ஹூம் என்பதில் இறப்பென்னும் பொருளே இல்லை. வழக்கு அதனை இறந்தாருக்கு மட்டும் உரியதாக்கிவிட்டது. உயிரோடிருப்பவர்க்கும் இறையிரக்கம் வேண்டும் எனினும், அவரை மர்ஹூம் என யாரும் அழைக்கத் துணியார்.

இங்கு ஓர் இலக்கணச் சிக்கல் உண்டு. இரக்கம் காட்டப்பட்டவர் என்பது நிகழ்ந்துவிட்டதாகக் கூறும் வடிவம். இறைவன் இரங்கினான் என்பதை மனிதர் எவ்வாறு அறிவர்? இத்தடையை எழுப்பி, இச்சொல்லைத் தவிர்க்க வேண்டும் என்ற மார்க்க அறிஞர் உளர். இது செய்தியன்று, வேண்டுதல் என்று விடை கூறி ஏற்றோரும் உளர். பின்னவர்க்கு அரபு இலக்கணமே துணை செய்கிறது. 'ரஹிமஹுல்லாஹ்' என்னும் தொடரில் வினை இறந்தகால வடிவில் இருப்பினும் 'இறைவன் அவருக்கு இரங்குக' என்னும் வியங்கோட் பொருளே தருகிறது. நற்குறியாகக் கூறுதலும் அரபில் தொன்றுதொட்டு உள்ளது. பாம்பு தீண்டியவனைச் 'ஸலீம்' அதாவது நலமுற்றவன் என்பர். உயிர்க்கு இறுதி விளைக்கும் பாலையை 'மஃபாஸா' அதாவது வெற்றியிடம் என்பர்.

தமிழருக்கு இது புதியதன்று. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கும். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், இடுகாட்டை நன்காடு என்பதும், கருநிற ஆட்டை வெள்ளாடு என்பதும் மங்கலத்திற்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள். வெள்ளாடும் ஸலீமும் ஒரே மனப்பாங்கின் விளைவுகள். இவ்வகையில் மர்ஹூம் என்பது மங்கல வழக்கு. மய்யித்து என்பது மங்கலமும் ஆகாது, இழிவழக்கும் ஆகாது, உள்ளதை உள்ளவாறு கூறுவது.

'துஞ்சிய' என்னும் பெயரெச்சத்தைத் தமிழர் ஆண்ட முறையும் இங்கு நோக்கத்தக்கது. தமிழில் இறந்த எனப் பொருள்படும் தனிப் பெயரடை இல்லை. வினையின் எச்சமே அப்பணியைச் செய்கிறது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் எனச் சங்கத்தொகைகளில் மன்னர் இறந்த இடத்தால் சுட்டப்படுகின்றனர். சுந்தரசோழன் சோழர் கல்வெட்டுகளில் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் ஆகிறான். ஒரே பெயருடைய மன்னர் பலராயிருக்க, அவர்களைப் பிரித்தறிய இவ்வடை உதவியது. மலாய் அரசுகளிலோ இதே பணிக்கு மர்ஹூம் வந்தது. மலாக்காவை இழந்து 1528இல் கம்பாரில் மறைந்த சுல்தான் மஹ்மூத் ஷா, 'மர்ஹூம் கம்பார்' எனப்பட்டார்; 1699இல் பல்லக்கில் செல்கையில் கொல்லப்பட்ட ஜொகூர் சுல்தான், தோளில் சுமக்கப்படுகையில் மறைந்த மர்ஹூம் எனப் பொருள்படும் பெயரால் வழங்கப்படுகிறார். சோழர்க்கும் மலாய் மன்னர்க்கும் இதில் நேரடித் தொடர்பு காட்ட முயல்வது மிகையாகும். எனினும் அரபுப் பெயரடை அந்நிலத்தில் 'துஞ்சிய' என்பதன் இருக்கையில் சென்றமர்ந்தது என்று கூறலாம்.

தமிழில் மர்ஹூம் பெயருக்கு முன்னர் வரும். உருதுவில் பின்னர் வரும். 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் மறைந்த இலங்கை அரசியல் தலைவர், இன்றளவும் தமிழ் இதழ்களில் 'மர்ஹூம் அஷ்ரஃப்' என்றே எழுதப்படுகிறார். உருதுவில் பெயரை அடுத்து மர்ஹூம் நிற்பது பாரசீகத் தொடரமைப்பின் எச்சம். அரபில் பெயரடை பொதுவாகப் பின் வருவதெனினும், இச்சொல் 'அல்' என்னும் சுட்டுடன் பெயராகி முன்னர் நிற்க, இயற்பெயர் அதனை விளக்கித் தொடரும். தமிழ் வழக்கு இவ்வரபு முறையையே ஒத்துள்ளது. இதனைக் கொண்டு தமிழ் முஸ்லிம்கள் சொல்லை நேரே அரபிலிருந்து பெற்றனர் என வாதிடலாம். ஆயின் அடை முன் வருவதே தமிழின் இயல்பாதலின், எவ்வழி வந்திருப்பினும் இச்சொல் இவ்விடத்திற்கே வந்து சேர்ந்திருக்கும். சான்று வலுவுடையதன்று.

பால் காட்டுவதில்தான் தடுமாற்றம். அரபில் பெண்ணுக்கு 'மர்ஹூமா'. தமிழ் அடை பால் காட்டாது. நல்ல என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆகவே கற்றோர் எழுத்தில் மர்ஹூமா தனிச்சொல்லாகக் கடன்பெறப்பட்டிருந்தும், பெண்ணின் பெயர்முன் மர்ஹூம் என எழுதுவாரும் உளர். இதனைப் பிழையென்று அரபு கற்றோர் திருத்துவர். தமிழின் கண்ணால் நோக்கின், அயற்சொல் தமிழடையாக முழுதும் கனிந்துவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம். பலரைக் குறிக்கையில் அரபுப் பன்மையை விடுத்து 'மர்ஹூம்கள்' எனத் தமிழ் ஈறு சேர்ப்பதும் அவ்வாறே.

ஆலுவா அறிவிப்பில் மகன் தம் வரைவை அடித்துவிட்டு, தந்தையின் பெயருக்கு முன் மர்ஹூம் என எழுதினார். தாயார் அதற்கும் ஒரு கணம் தயங்கினார். முந்தைய நாள் இரவு வரை அப்பெயருக்கு முன் 'ஹாஜி' மட்டுமே இருந்தது. பின்னர் எழுதச் சொன்னார். 'மய்யித்து எடுக்கப்படும்' என்ற இடத்தில் 'ஜனாஸா நல்லடக்கம்' என்றாயிற்று. அடக்கத்திற்கு 'நல்' என்னும் அடை சேர்ந்தது, இடுகாடு நன்காடு ஆனதன் தொடர்ச்சியே. அருகிலேயே எழுதப்பட்ட மலையாள அறிவிப்பில் 'கபரடக்கம்' என்றிருந்தது. அரபுப் பெயரும் திராவிடத் தொழிற்பெயரும் சேர்ந்த தொகை அது. மய்யித்து என்னும் சொல் இரண்டு தாள்களிலும் இல்லை. மறுநாள் காலை முற்றத்தில் நின்ற பெரியவர் ஒருவர் உள்ளே நோக்கி, "மையத்தைத் தூக்கலாமா?" என்று கேட்டபோது, "தூக்குங்க" என்று மறுமொழி கூறியவர் அவ்வம்மையாரே.